பனி நாட்டில் ஒரு தாடி ஓணான்

மாரி மழை ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில் யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றின் ஒழுங்கையால் நடந்து செல்வோமாயின், வேலிக் கதியாலின் நுனியில் ஓர் ஓணான் அசைவற்று ஒட்டிக்கொண்டிருக்கக் காண்போம். அதன் உடல் வெய்யிலை நோக்கித் தட்டையாக விரிந்திருக்கும். நிறம் சற்றுக் கறுத்திருக்கும். கல்லெடுத்தாலும் விரைந்து ஓடமாட்டாது. அரை மணி நேரங் கழித்து அதே வழியால் மீண்டு வந்தால், அதன் நிறம் வெளிறியிருக்கும். தலையை மேலுங் கீழும் ஆட்டும். நாம் கிட்ட நெருங்குமுன் வேலியின் மறுபக்கம் பாய்ந்து மறைந்துவிடும். இடையில் நிகழ்ந்தது யாது? அது வெய்யில் காய்ந்தது, அவ்வளவுதான். ஓணானின் வாழ்வில் வெய்யில் உணவுக்கும் முந்தியது என்பதை உணர்த்த இக்காட்சி ஒன்றே போதுமானது.

"வேலியிற் போன ஓணானை மடியிற் கட்டிக்கொண்டு, குத்துகிறதே குடைகிறதே என்றானாம்" என்பது நம்மவர் பழமொழி. வேண்டாத தொல்லையை வலிந்து தேடிக்கொள்பவனைப் பரிகசிக்க எழுந்த மொழி அது. ஆயின், உண்மையாகவே ஓணானை மடியில் வைத்துச் சீராட்டும் பிள்ளைகள் இன்று மேலைநாடுகளிற் பலர் உளர். அத்தகைய பிள்ளையொன்றை நாம் கண்டது 2013 ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில், கனடாவின் ரொறன்ரோ நகரில், எமது தம்பியின் வீட்டில். வெளியே நீர் உறையுங் குளிர். உள்ளே, பன்னிரண்டு வயதுத் தம்பி மகனின் அறையில், கண்ணாடிப் பெட்டியொன்றினுள் ஒரு சிறு பாலைவனம். அதன் நடுவே கல்லொன்றின்மீது கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு ஒரு தாடிக்காரர் வீற்றிருந்தார்.

யார் இந்தத் தாடிக்காரர்?

அவுஸ்திரேலியாவின் நடுப்பகுதியிலும், கிழக்கு மாநிலங்களின் வறண்ட உட்பகுதிகளிலும் வாழும் ஓணான் இனம் இது. விலங்கியலார் இதனைப் 'பொகோனா விற்றிசெப்ஸ்' என்பர். ஆங்கிலேயர் 'பியேடட் டிராகன்' என்பர். நமது வேலி ஓணானும் இதுவும் 'அகாமிடே' என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாதலின், நாம் இதனைத் தாடி ஓணான் என்று அழைப்பதில் தவறில்லை. முற்ற வளர்ந்தது வாலுட்பட ஏறக்குறைய 2 அடி நீளமிருக்கும். தொண்டையின் கீழே முட்போன்ற செதில்கள் நிறைந்திருக்கும். சினமோ அச்சமோ உண்டானால் தொண்டையைப் புடைத்துக் கரிய நிறமாக்கும், அதுவே தாடி. வலிய ஓணானைக் கண்ட சிறிய ஓணான் முன்கை ஒன்றை உயர்த்தி மெல்லச் சுழற்றும். பணிந்தேன் என்பது அதன் பொருள். கையில் எடுத்தால் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். இக்குணங்களாலேயே அது வீட்டுப் பிராணியாயிற்று.

அவுஸ்திரேலிய அரசு தன் நாட்டு விலங்குகளை வணிகத்துக்காக உயிருடன் ஏற்றுமதி செய்வதைத் தடை செய்துள்ளது. ஆகவே ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் விற்கப்படுபவை பெரும்பாலும் கூண்டிலே பரம்பரை பரம்பரையாகப் பிறந்தவை. பாலைவனத்தை அவை ஒருபோதுங் கண்டதில்லை. ஆயினும் அவற்றின் உடல் இன்னும் பாலைவனத்துச் சூரியனையே எதிர்பார்த்து நிற்கிறது. இதனை மறந்துவிடுபவர் வீட்டில் அவை நெடுநாள் வாழ்வதில்லை.

குளிரிரத்தம் என்பது பொருந்துமா?

பல்லி, பாம்பு, ஆமை முதலியவற்றைக் 'குளிரிரத்தப் பிராணிகள்' என்று பாடசாலையிற் படித்திருக்கிறோம். இப்பெயர் நம்மைச் சற்று ஏமாற்றுகிறது. வெய்யில் காய்ந்து முடித்த தாடி ஓணானின் உடல் ஏறக்குறைய 35 பாகை செல்சியஸ் சூடுடையது. நமது உடலின் சூடு 37 பாகை. இவ்விரண்டுக்கும் பெரும் வேற்றுமை இல்லை. வேற்றுமை, அச்சூடு வரும் வழியிலேயே உள்ளது. நாம் உண்ணும் உணவிற் பெரும்பகுதியை எரித்து நம் சூட்டை நாமே உண்டாக்குகிறோம். ஓணானுக்கு உள்ளே அடுப்பில்லை. அது சூட்டை வெளியிலிருந்து கடன் வாங்குகிறது. அதனாலேதான் சிறிதளவு உணவுடன் வறண்ட நிலத்தில் அதனால் வாழ முடிகிறது. கடன் கொடுப்பவன் கைவிட்டால் நிலைமை என்னாகும் என்பதே நமது கேள்வி.

சூடு குறைந்தால் முதலிற் பாதிக்கப்படுவது வயிறு. உணவைச் செரிக்கச் செய்யும் நொதியங்கள் சூட்டிலேதான் தொழிற்படும். குளிர்ந்த உடலில் உணவு செரியாது தங்கிக் கெட்டுப்போகும். இரண்டாவதாக, நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றும். நுரையீரலிற் சளி பற்றும். வாயோரத்தில் நுரை தோன்றுவதும், குளிர்ந்த வேளையிலும் வாயைத் திறந்து மூச்சு வாங்குவதும் அதன் அறிகுறிகள். மூன்றாவதாக எலும்பு மெலியும். அதனைப் பின்னர் கூறுவோம். சுருங்கச் சொன்னால், நமக்குப் போர்வை எவ்வாறோ அவ்வாறன்று ஓணானுக்குச் சூடு. அது அதன் உயிர்த்தொழில் அனைத்துக்கும் விறகு.

சூடும் வேண்டும், நிழலும் வேண்டும்

"அப்படியாயின் அறை முழுவதையும் சூடாக்கிவிட்டாற் போதாதோ?" என்று நாம் தம்பி மகனைக் கேட்டோம். அவன் சிரித்துவிட்டு, பெட்டியின் இரு முனைகளிலும் வைத்திருந்த வெப்பமானிகளைக் காட்டினான். ஒரு முனையில் விளக்கின் கீழிருந்த கல்லின் மேற்பரப்பு 40 பாகை. மறுமுனையின் நிழலில் 24 பாகை. "அதுக்கு எப்ப சூடு வேணும், எப்ப காணும் எண்டது அதுக்குத்தான் தெரியும், பெரியப்பா" என்றான்.

இச்சிறு விடையில் முழு இரகசியமும் அடங்கியுள்ளது. காட்டில் வாழும் ஓணானுக்குச் சூரியன் ஒரே அளவாகச் சூடு தருவதில்லை. அது காலையிற் கல்லின்மேல் ஏறும். நண்பகலிற் புதரின் கீழ் ஒதுங்கும். மாலையில் மீண்டும் வெளிவரும். இவ்வாறு நாள் முழுவதும் இடம் மாறி மாறித் தன் சூட்டைத் தானே அளந்துகொள்ளும். குளிருங்கால் தோலைக் கறுப்பாக்கி வெப்பத்தை அதிகமாக ஏற்கும், சூடேறியதும் வெளிறும், மேலுஞ் சூடேறினால் வாயைப் பிளந்து வெப்பத்தை வெளியேற்றும். ஆகவே பெட்டியிலும் வெம்மையும் தண்மையும் ஒருங்கே அமைதல் வேண்டும். எங்கும் ஒரே சூடாயின், தப்பிச் செல்ல வழியின்றி அது வெந்து மடியும். எங்கும் ஒரே குளிராயின், பசியின்றிச் சோர்ந்து மடியும்.

இதற்குப் பெட்டி பெரிதாயிருத்தல் அவசியம். வளர்ந்த ஓணானுக்கு 4 அடி நீளமும் 2 அடி அகலமும் 2 அடி உயரமும் கொண்ட பெட்டி வேண்டும். சிறிய பெட்டியிற் சூடான முனை, குளிர்ந்த முனை என்னும் வேறுபாடே உண்டாகாது. குளிர் நாடுகளில், முகப்பில் மாத்திரம் கண்ணாடி பொருத்திய மரப்பெட்டி நன்று. மரம் சூட்டை எளிதில் வெளியேற விடாது. விளக்கு மேலே, ஒரு முனையில் இருத்தல் வேண்டும். ஓணான் எட்டித் தொட முடியாதவாறு அதற்குக் கம்பிக் காப்பும் வேண்டும். குறித்த சூடு எட்டியதும் மின்னோட்டத்தைத் தானே குறைக்கும் வெப்பநிலைநிறுத்தி ஒன்றையும் இணைத்துவிட்டால் அச்சமில்லை. கடைகளில் விற்கப்படும், உள்ளே மின்கம்பி வைத்த சூட்டுக் கற்கள் ஆகா. அவற்றின்மேல் அசையாது படுத்திருந்து வயிறு வெந்துபோன பிராணிகள் பல.

இன்னுமொரு தவறு, கண்ணாடித் தொட்டியைக் கொண்டுபோய் யன்னலோரத்து வெய்யிலில் வைத்தல். அடைத்த கண்ணாடிக்குள் வெப்பம் விரைவிற் பெருகும். நிழலில்லாத இடத்தில் ஓணானும் சில நிமிடங்களில் உயிரிழக்கக்கூடும். வெய்யிலுக்கென்றே பிறந்த பிராணி வெய்யிலாலேயே மடிவது எத்துணைக் கொடுமை!

கண்ணுக்குப் புலனாகாத ஒளி

சூரியன் தருவது சூடு மாத்திரமன்று. நம் கண்ணுக்குப் புலனாகாத ஊதாக் கடந்த கதிர்களும் அதன் ஒளியிற் கலந்துள்ளன. அவற்றின் ஒரு பகுதி ஓணானின் தோலிற் பட்டு விற்றமின் டீ உண்டாவதற்கு அடிகோலுகிறது. விற்றமின் டீ இன்றேல், உண்ட உணவிலுள்ள கல்சியம் உடலிற் சேராது. உடலோ தன் தேவைக்கு எலும்பிலிருந்தே கல்சியத்தைக் களவாடத் தொடங்கும். தாடை மென்மையாகும், கால்கள் நடுங்கி வளையும். பழகியவர் வீட்டிலும் இந்நோய் அரிதன்று.

இங்கே கவனிக்கத்தக்க செய்தியொன்று உண்டு. கதிர் பட்டதும் தோலில் உண்டாவது முழுமையான விற்றமின் அன்று, அதன் முன்னோடியே. அம்முன்னோடியை விற்றமினாக மாற்றுவது உடலின் சூடு. ஆகவே ஒளியிருந்தும் சூடில்லையேற் பயன் குறைவு; சூடிருந்தும் ஒளியில்லையேற் பயனே இல்லை. இரண்டும் ஒரே முனையில், ஒரே வேளையில் அமைதல் வேண்டும்.

யன்னற் கண்ணாடி இக்கதிர்களைத் தடுத்துவிடும். மேலும் ரொறன்ரோவில் மார்கழி மாதத்துப் பகல் 9 மணி நேரமே; அதுவும் சாய்ந்த, வலுவற்ற வெய்யில். எனவே இக்கதிர்களைத் தரும் தனிப்பட்ட குழல்விளக்கு ஒன்று வேண்டும். அது புறக்கண்ணுக்கு நன்றாகவே எரிந்துகொண்டிருக்கும். ஆயின் அதன் கதிர்வலிமை மாதங்கள் செல்லச் செல்லக் குறையும். ஆகையால் விளக்கின் வகைக்கேற்ப ஆறு மாதத்துக்கொரு முறையோ, ஆண்டுக்கொரு முறையோ அதனை மாற்றுவர். தம்பி மகன் தன் குழல்விளக்கின் ஓரத்தில், அதனைப் பொருத்திய தேதியைச் சிறு கடதாசியில் எழுதி ஒட்டியிருந்தான்.

இரவும் மாரித் துயிலும்

பகல் முழுவதும் சூடு தந்தோமே, இரவிலும் தரவேண்டுமோ என்று கேட்கலாம். பாலைவனத்திலும் இரவு குளிர்ந்ததே. அறையின் சூடு 18 பாகைக்குக் கீழே இறங்காதவரை இரவில் விளக்கு வேண்டியதில்லை. இறங்குமாயின், ஒளி தராது வெப்பம் மாத்திரம் தரும் பீங்கான் குமிழைப் பயன்படுத்துவர். இரவுக்கென விற்கப்படும் சிவப்பு விளக்குகளைத் தவிர்த்தல் நலம். ஓணானின் உச்சந்தலையில் ஒளியையும் இருளையும் உணரும் மூன்றாவது கண் போன்ற உறுப்பொன்று உண்டு. அதற்கு இரவு இரவாகவே இருத்தல் வேண்டும். ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகரில் ஆராய்ச்சி செய்த அறிஞர்கள், உறங்கும் தாடி ஓணானின் மூளையில், மனிதர் கனவு காணும் உறக்கத்தை ஒத்த நிலையொன்றும் ஆழ்ந்த உறக்கத்தை ஒத்த நிலையொன்றும் மாறி மாறி வருவதைக் கண்டு 2016 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஓணானுக்கும் நல்லுறக்கம் உண்டு என்று நாம் கொள்ளலாம்.

வளர்ந்த ஓணான் சில, மாரி காலத்தில், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே உணவைத் துறந்து, இருண்ட மூலையில் வாரக்கணக்கில் உறங்குவதுண்டு. பிறந்த நாட்டின் குளிர்காலத்தில் முன்னோர் மண்ணிலும் பொந்திலும் புகுந்து உறங்கிய பழக்கம் அது. இஃது இயல்பே. ஆயினும் நோயால் வந்த சோர்வும் வெளித்தோற்றத்தில் இதனையே ஒக்கும். அதனால், முதன்முறை இவ்வாறு உறங்குங்கால் மிருக வைத்தியரிடம் காட்டுதல் அறிவுடைமை. வாரந்தோறும் நிறுத்துப் பார்த்தலும் நன்று. நலமுள்ள ஓணான் உறக்கத்திற் சிறிதளவே மெலியும். விரைவாக மெலிவது நோயைக் காட்டும். வயிறு நிறைந்தபடி குளிரில் உறங்கவிடுதல் மாத்திரம் ஒருபோதும் ஆகாது.

மின்சாரம் நின்ற இரவு

இவ்வளவையும் அச்சிறுவன் எமக்கு விளக்கியது ஒரு சனிக்கிழமை மாலை. அன்று ஓணானுக்குச் சில்வண்டுகளை வயிறாரக் கொடுத்துவிட்டு அவன் உறங்கச் சென்றான். மார்கழி 21 ஆம் நாளாகிய அவ்விரவில் உறைமழை பொழிந்தது. விழுந்த துளி விழுந்த இடத்திலேயே பளிங்குபோல் உறைந்தது. மரக்கிளைகள் பாரந் தாங்காது முறிந்து மின்கம்பிகளின்மேல் வீழ்ந்தன. விடியுமுன் நகரில் ஏறக்குறைய மூன்று இலட்சம் மின் இணைப்புகள் செயலிழந்தன. நத்தார்ப் பண்டிகையையும் இருளிற் கழித்த குடும்பங்கள் பல.

எமது தம்பி வீட்டிலும் விளக்கில்லை. வீட்டைச் சூடாக்கும் உலை எரிவாயுவால் எரிவதாயினும், சூட்டைப் பரப்பும் விசிறி மின்சாரத்தால் இயங்குவது. ஆகவே சூடும் இல்லை. ஞாயிறு மாலைக்குள் அறை 14 பாகைக்கு இறங்கிவிட்டது. மனிதர் கம்பளியைப் போர்த்துக்கொண்டோம். ஓணானுக்கோ போர்வையாற் பயனில்லை. உள்ளே சூடு பிறக்கும் உடலுக்கன்றோ போர்வை உதவும்! அதன் உடல் கரியாகக் கறுத்து, கை கால் விறைத்துக் கிடந்தது. வயிற்றிலோ முன்னாள் மாலையிற் கொடுத்த உணவு. "பெரியப்பா, இது இனிக் கண் திறக்குமோ?" என்று பிள்ளை கேட்டபோது எமக்கு விடை தெரியவில்லை.

கரியடுப்பு ஒன்றை உள்ளே கொணர்ந்து மூட்டினாலென்ன என்று நாமே அறியாமையாற் கேட்டோம். தம்பி பதறித் தடுத்தான். அடைத்த வீட்டினுள் கரி எரிந்தால், மணமும் நிறமும் அற்ற நச்சுவாயு பிறந்து, உறங்குபவர் உறங்கியபடியே மடிவர். மின்சாரமற்ற நாட்களிற் குளிரினும் கொடியது அதுவே. இதனை வாசகர்கள் நன்கு நினைவிற் கொள்வாராக.

பின்னர் செய்தது எளிய காரியம். மீன் குளிரவைக்கும் றெஜிபோம் பெட்டியொன்றை எடுத்து மூடியிற் காற்றுக்குச் சிறு துளைகள் இட்டோம். தீக்குச்சியால் எரிவாயு அடுப்பை மூட்டி, கை பொறுக்குமளவுக்கு நீரைச் சூடாக்கிப் போத்தல்களில் நிரப்பித் துவாயிற் சுற்றினோம். அவற்றைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மாத்திரம் வைத்தோம். மறுபக்கம் வெறுமையாக இருந்தது. நெருக்கடியிலும் அப்பிள்ளை தன் முதற் பாடத்தை மறந்தானல்லன். ஓணானைத் துணிப்பையிலிட்டு உள்ளே வைத்தோம். உணவு கொடுக்கவில்லை. போத்தல்களை மூன்று மணிக்கொரு முறை மாற்றவேண்டியிருந்தது. அவ்விரு இரவுகளிலும் தாயும் மகனும் முறை வைத்து எழுந்தனர். "எனக்கு இந்தப் பிராணியைக் கண்டாலே அருவருப்பு" என்று முன்னாள் சொன்ன தாய்தான் அவள்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் மின்சாரம் மீண்டது. விளக்கின் கீழே கல்லருகில் ஓணானை விட்டார்கள். அரை மணி நேரம் அசைவில்லை. பின்னர் ஒரு கண் திறந்தது. சிறிது நேரத்தில் அது தானாகவே கல்லின்மேல் ஏறி, உடலைத் தட்டையாக விரித்தது. கருமை மெல்ல மெல்லக் கலைந்து மணல் நிறம் பரவிற்று. யாழ்ப்பாணத்து வேலியில் நாம் பலமுறை கண்ட காட்சிதான்; ஆயின் அன்றுதான் அதன் பொருள் எமக்கு முழுமையாக விளங்கிற்று. அடுத்த நாள் அது மலங் கழித்தது. உணவு செரித்தது என்பதற்கு அதுவே சாட்சி. ஓணானின் மலத்தைக் கண்டு ஒரு வீடு முழுவதும் மகிழ்ந்ததை நாம் அதற்குமுன் அறிந்ததில்லை.

நம் மலைநாட்டு ஓணான்

குளிர் நாட்டில் ஓணான் வாழவே முடியாதோ எனின், முடியும். அதற்கென அமைந்த உடல் வேண்டும். நமது நாட்டின் ஹோட்டன் சமவெளி முதலிய குளிர்ந்த மலைக்காடுகளிற் 'கொபோட்டிஸ்' என்னும் சிறிய ஓணான் வாழ்கிறது. மற்றைய ஓணான்கள் மண்ணில் முட்டையிட, இதுவோ முட்டைகளைத் தன் வயிற்றினுள்ளேயே வைத்திருந்து குட்டிகளாக ஈனுகிறது. குளிர்ந்த மண்ணுக்கு முட்டையைக் கொடுக்காது, வெய்யில் உள்ள இடத்துக்குத் தானே சுமந்து செல்லும் தாய் அது. இவ்வினத்தையும், கொம்புள்ள ஓணான்களையும் திருட்டுத்தனமாகப் பிடித்து வெளிநாட்டு ஆசைக்காரருக்கு விற்பவர் உண்டு. அதனாலேயே 2019 ஆம் ஆண்டில் ஜெனீவாவிற் கூடிய சர்வதேச மாநாடு அவற்றின் வணிகத்துக்குக் கடுந்தடை விதித்தது. அவை நம் மலைகளிலேயே வெய்யில் காய்வது நன்று.

தாடி ஓணான் நன்கு பேணப்பட்டால் பத்தாண்டுகள் வரை வாழக்கூடியது. பன்னிரண்டு வயதிற் கேட்டு வாங்கும் பிள்ளை, அதனை அடக்கஞ் செய்யும்போது வளர்ந்த ஆளாகியிருப்பான். வெளிநாட்டிலுள்ள பேரப்பிள்ளை அத்தகையதொன்றை வேண்டுமென்று கடிதத்திலோ தொலைபேசியிலோ கேட்டால், பெரியவர்கள் "சீ, ஓணானா!" என்று தட்டிவிடவும் வேண்டாம், உடனே இசையவும் வேண்டாம். விளக்கையும் வெப்பமானியையும் முன்னரே வாங்கி, ஒரு வாரம் வெறும் பெட்டியில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மின்சாரம் நின்றால் என்ன செய்வாய் என்று கேளுங்கள். அதற்கும் விடை கூறும் பிள்ளையாயின் துணிந்து வாங்கிக் கொடுக்கலாம்.

பழமொழி சொல்வது சரியே. வேலியிற் போன ஓணானை மடியிற் கட்டியவனுக்கு ஓய்வில்லை. ஏனெனில் வேலியில் அதற்குச் சூரியன் இருந்தது. மடியில், சூரியனாக இருக்கவேண்டியவன் அவனே.